எனக்குப் பெரிய சாட்சி எதுவும் இல்ல, கேக்குறவங்ககிட்ட என்னத்த சொல்ல?

தேரிக்காட்டுப்பிள்ளை:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளா வாசிச்சிட்டு மட்டும் இருந்தேன், இன்னைக்குதான் முதல் தடவ எழுதுறேன், நீளமா போனா பொறுத்துக்கோங்க. நான் பரம்பரை சிஎஸ்ஐ (தென்னிந்திய திருச்சபை) கிறிஸ்தவ, தூத்துக்குடி பக்கம், எங்க பூட்டன் காலத்துலயே ஞானஸ்நானம் எடுத்த குடும்பம். மூணு மாச குழந்தைல தண்ணி தெளிச்சாச்சு, அப்புறம் ஓய்வுநாள் பள்ளி, திடப்படுத்தல், பாடகர் குழு, கல்யாணம் வரைக்கும் எல்லாம் அதே கோயில்ல. எந்த தேதில இரட்சிக்கப்பட்டேன்னு யாராச்சும் கேட்டா எனக்கு பதில் தெரியாது.

இப்ப ரெண்டு விஷயம் ஒண்ணா வந்து நிக்குது. இங்க சென்னைல நாங்க போற சபைல பெண்கள் கூட்டத்துல அஞ்சு நிமிஷம் சாட்சி, அதாவது ஆண்டவர் என் வாழ்க்கைல செஞ்சத, சொல்லுங்கன்னு என் பேர போட்டுட்டாங்க. அது கூட பரவால்ல. பெருசு என்னன்னா ஆபீஸ்ல எனக்கு அடுத்த சீட்ல இருக்கிற பொண்ணு, எட்டு வருஷ பழக்கம், செவ்வாய்க்கிழம தவறாம வடபழனி போவா, எங்க அப்பா பிப்ரவரில தவறிட்டாங்க, பத்து நாள் கழிச்சு நான் வேலைக்கு வந்தேன், போன வாரம் மதியம் சாப்பிடும்போது அவ கேக்குறா, "அப்பா போயி பத்தே நாள்ல நீ வந்து எவ்ளோ அமைதியா உக்காந்திருந்த, எனக்கு எங்கம்மா போனப்போ ஆறு மாசம் பைத்தியம் பிடிச்ச மாதிரி இருந்துச்சு, உங்க சாமி உனக்கு என்னடி பண்ணாரு?"ன்னு. நிஜமா தெரிஞ்சுக்கணும்னுதான் கேட்டா. நான் "ஜெபம் பண்ணேன்"னு ஒரு வார்த்த சொல்லிட்டு ரசம் ஊத்தவான்னு பேச்ச மாத்திட்டேன். அன்னைலேருந்து தூக்கம் இல்ல. இருபது வருஷமா பிரசங்கம் கேட்டவ, ஒருத்தி வாய் திறந்து கேக்கும்போது வாய மூடிட்டேன். என்ன சொல்லிருக்கணும்?

மல்லிப்பூ:

அக்கா எனக்கும் இதே பிரச்சினதான். சாட்சி புஸ்தகத்துல வர்ற மாதிரி எனக்கு ஒண்ணுமே நடக்கல. பின்தொடர்கிறேன்.

சைக்கிள்_உபதேசியார்:

பிள்ளை, முதல்ல அப்பாவுக்காக வருத்தப்படுறேன். நான் முப்பத்தொரு வருஷம் ஊர் ஊரா சைக்கிள்ல போன உபதேசியார், இப்ப ஓய்வு, பேரன்தான் இதுல எழுத சொல்லிக் குடுத்தான்.

யோவான் ஒன்பதாம் அதிகாரத்த இன்னைக்கு ராத்திரி நிதானமா வாசி. பிறவிக்குருடன். அவன என்னெல்லாம் கேக்காங்க பாரு, கண்ண திறந்தவன் பாவியா இல்லையா, இப்ப எங்க இருக்கான். இந்த ரெண்டுக்கும் அவன் தெரியாதுன்னுதான் சொல்லுதான். ஆனா சேறு பூசினது, சிலோவாம் குளத்துக்கு போனது, கழுவினது, பாத்தது, அத மட்டும் எத்தன தடவ கேட்டாலும் மாத்தாம சொல்லுதான். "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன்." அவ்வளவுதான் அவன்கிட்ட இருந்த சரக்கு. பெத்தவங்க பயந்து "அவனையே கேளுங்க, அவனுக்கு வயசாச்சு"ன்னு ஒதுங்கிட்டாங்க, அதையும் வேதம் மறைக்கல. கோர்ட்ல சாட்சி கூண்டுல ஏறினவன வக்கீல் மாதிரி வாதாடவா சொல்லுவாங்க? பாத்தத சொல்லுன்னுதான சொல்லுவாங்க. சாட்சின்னு நம்ம முன்னோர் அந்த வார்த்தையத்தான் எடுத்து வச்சிருக்காங்க.

கதரேனர் நாட்டுல பிசாசு நீங்கினவன் இயேசு கூடவே படவுல வரேன்னு கெஞ்சுறான், அவரு கூட்டிட்டு போகல. உன் வீட்டுக்கு, உன் ஜனங்ககிட்ட போயி கர்த்தர் உனக்கு செஞ்சத சொல்லுன்னு அனுப்பி வைக்காரு. வீட்டுக்காரங்கதான் அவன் கல்லறைல கிடந்தத பாத்தவங்க, அவங்ககிட்ட கூட்டியும் சொல்ல முடியாது குறைச்சும் சொல்ல முடியாது. உன் கூட எட்டு வருஷம் உக்காந்த பிள்ளையும் அந்த வீட்டு ஆளு மாதிரிதான்.

மூணாம்_வரிசை:

உபதேசியார் ஐயா சொன்ன கடைசி வரி என்னைய குத்திருச்சு, அதனால எழுதுறேன், இத நான் வெளிய சொன்னதே கம்மி.

எனக்கு "பெரிய" சாட்சி இருக்கு சிஸ்டர். குடிகாரனா இருந்து மாறினவன். மாறினது சத்தியம், அதுல பொய் இல்ல. ஆனா கூட்டத்துக்கு கூட்டம் சொல்ல சொல்ல கதை வளர ஆரம்பிச்சுது. முதல் தடவ தினம் ஒரு குவார்ட்டர்னு சொன்னேன், அதான் உண்மை. ரெண்டு வருஷத்துல அது ஒரு ஃபுல் ஆயிருச்சு. ஒரு தடவ தண்டவாளத்துல படுத்தேன்னு சொன்னேன், நான் தண்டவாளம் பக்கத்துல உக்காந்து அழுதிருக்கேன், படுக்கல. ஜனங்க அல்லேலூயா சொல்லும்போது அந்த இடத்துல குரல் தானா ஏறும். நடுவுல ஒரு தடவ வழுக்கி விழுந்து மூணு நாள் மறுபடி குடிச்சேன், அதை எந்த மேடைலயும் சொன்னதே கிடையாது.

என் வீட்டம்மா எப்பவும் மூணாவது வரிசைலதான் உக்காருவாங்க. தலைய குனிஞ்சுதான் இருப்பாங்க, நான் ஜெபிக்கிறாங்கன்னு நினைச்சேன். ஒரு நாள் கன்வென்ஷன் முடிஞ்சு பைக்ல வரோம், பின்னாடி உக்காந்துட்டு மெதுவா கேட்டாங்க, "குடிச்ச கணக்கெல்லாம் கூட்டி சொல்றீங்களே, என்னைய அடிச்சத ஒரு தடவ கூட சொன்னதில்லையேங்க, அதுலேருந்தும் ஆண்டவர் உங்கள மாத்தலயா?" வண்டிய ஓரமா நிறுத்திட்டேன். எதிர்ல லாரி லைட்டு மூஞ்சில அடிச்சிட்டே இருந்துச்சு, நான் எறங்கி அவங்க காலுகிட்ட ரோட்டுலயே உக்காந்துட்டேன்.

அப்புறம் ஒன்றரை வருஷம் எங்கயும் சாட்சி சொல்லல. இப்ப சொல்றேன், அவங்க அனுமதி வாங்கி, அவங்க என்ன சொல்லலாம்னு சொன்னாங்களோ அதை. ஒரு குவார்ட்டர்தான், மூணு நாள் விழுந்தது, அடிச்சது, எல்லாம். சத்தம் போட்டு அல்லேலூயா வர்றதில்ல. ஆனா கூட்டம் முடிஞ்சு யாராச்சும் ஒருத்தர் வெளிய செருப்பு போடுற இடத்துல காத்திட்டு நிப்பாரு. பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாகங்கிற கட்டளைய நாம கோர்ட்டுக்குன்னு நினைச்சிட்டோம் சிஸ்டர், மைக்குக்கும் அதுதான்.

மல்லிப்பூ:

அண்ணா 🙏 ரெண்டு தடவ வாசிச்சேன். அண்ணிக்கு என் ஸ்தோத்திரம் சொல்லுங்க.

கோட்டாறு_மைந்தன்:

நான் கத்தோலிக்கன், குமரி மாவட்டம், எங்க பக்க விஷயம் ஒண்ணு சொல்றேன், உங்க ஆபீஸ் கதைய வாசிச்சதும் அதான் நினைப்பு வந்துச்சு.

எங்க புனித தேவசகாயம் விசுவாசத்துக்கு வந்தது ஒரு ஆபீஸ் நண்பர் மூலமாத்தான். அப்ப அவரு நீலகண்ட பிள்ளை, நட்டாலத்துக்காரர், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாகிட்ட அதிகாரியா இருந்தவரு. டி லனாய்ங்கிறவரு 1741 குளச்சல் போர்ல பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி, அப்புறம் அதே ராஜாவோட படைக்கு பயிற்சி குடுக்கிற வேலைல சேர்ந்தாரு. ரெண்டு பேரும் வேலை நிமித்தமா பழகினவங்க. பிள்ளை வீட்டுல ஆடு மாடு சாவு, பொருள் நஷ்டம்னு அடிமேல அடி விழுந்து அவரு நொந்து போயிருந்த நேரம், என்ன விஷயம்னு டி லனாய் விசாரிச்சு, யோபுவோட கதைய சொன்னாருன்னுதான் எங்க ஊர்ல வழிவழியா சொல்வாங்க. யோசிச்சு பாருங்க, சொன்னவரே தோத்துப்போன கைதி, சொந்த நாட்டுக்கு திரும்ப முடியாதவரு. எல்லாத்தையும் இழந்தவன் கதைய இழந்தவருதான் இழந்தவர்கிட்ட சொல்லிருக்காரு. 1745ல வடக்கன்குளத்துல ஞானஸ்நானம், 1752ல காற்றாடி மலைல சுட்டுக் கொன்னாங்க, 2022 மே 15 ரோம்ல புனிதர் பட்டம். நாங்க மறைசாட்சின்னு சொல்வோம், நீங்க இரத்தசாட்சின்னு சொல்வீங்க, ரெண்டுலயும் சாட்சி இருக்கு.

உங்க தோழியும் அம்மாவ இழந்தவங்க. நீங்களும் அப்பாவ இழந்தவங்க. இதுக்கு மேல என்ன மேடை வேணும்.

தேரிக்காட்டுப்பிள்ளை:

எல்லாருக்கும் நன்றி. மூணாம் வரிசை அண்ணன் எழுதினத வாசிச்சிட்டு கொஞ்ச நேரம் போன கீழ வச்சிட்டேன். ஆனா ஒரு சிக்கல், இப்பதான் எனக்கே புரியுது. அவ பாத்த "அமைதி" அமைதியே இல்ல. நான் மரத்துப்போய் உக்காந்திருந்தேன். அதை சாட்சியா சொன்னா பொய். சொல்லாம விட்டா அவ நினைச்சிட்டு இருக்கிறதே பொய். என்ன செய்ய?

முருகனடிமை_சென்னை:

நான் கிறிஸ்தவன் இல்ல, சாமி கும்பிடுறவன், நண்பர் ஒருத்தர் இந்த இழைய அனுப்பினாரு. கேக்குற பக்கத்துல இருக்கிறவன் எப்படி இருக்கும்னு சொல்லலாமா?

உங்க கதைய கேக்குறதுல எங்களுக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல. எனக்கு வலிச்ச ஒண்ண சொல்றேன். எங்க அப்பா ஐசியூல இருந்தப்போ வெளிய வராண்டால ஒருத்தர் வந்து கைல ஒரு நோட்டீஸ குடுத்து, உங்க வீட்டு விக்ரகத்த எடுத்துட்டு நம்புங்க, அப்பா எந்திரிப்பாருன்னாரு. எங்க அம்மா தினம் விளக்கு ஏத்துற முருகன பிசாசுன்னு சொன்னாரு, அம்மா பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க. மறுநாள் காலைல அப்பா போயிட்டாரு. அதுக்கப்புறம் எங்க அம்மா, நான் விளக்க எடுக்காததாலதான் போயிட்டாரோன்னு ஒரு வருஷம் கேட்டிட்டு இருந்தாங்க. அந்த ஆளு அத தெரிஞ்சிருக்கவே மாட்டாரு.

அதே வராண்டால இன்னொரு கிறிஸ்தவ பாட்டி, மகனுக்கு சிறுநீரக கோளாறு. தினம் தூக்குல கஞ்சி வரும் அவங்களுக்கு, பாதிய எங்க அம்மாவுக்கு ஊத்தி ஊறுகா வச்சு குடுப்பாங்க. ஆறு நாள் ஒரு வார்த்த சாமிய பத்தி பேசல. அம்மாதான் கேட்டாங்க, நீங்க எப்படி தெம்பா இருக்கீங்கன்னு. அப்ப சொன்னாங்க, "தெம்பெல்லாம் இல்ல தாயி, ராத்திரி அழுவேன், அழும்போது யாரோ கூட இருக்கிற மாதிரி இருக்கும்"னு. நாங்க மதம் மாறல, மாறவும் போறதில்ல. ஆனா அம்மா அந்த பாட்டிய இன்னைக்கும் பேசுவாங்க. நீங்க மரத்துப்போயிருந்தீங்கன்னா அதையே சொல்லுங்க, உங்க தோழி நம்புவாங்க.

சைக்கிள்_உபதேசியார்:

தம்பி, அந்த மனுஷனுக்காக நான் உங்ககிட்டயும் உங்க அம்மாகிட்டயும் மன்னிப்பு கேக்குறேன். இத மனசார கேக்குறேன். சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்லணும்னு பேதுரு எழுதினத அவரு பாதிலயே நிறுத்திட்டாரு. அதுவும் கேக்குற யாவருக்கும்னு இருக்கு, கேக்காதவன ஆஸ்பத்திரில மடக்க சொல்லல.

இரவுப்பணி:

நான் நர்ஸ், பதினாலு வருஷம். படுக்கைல இருக்கிறவங்க எந்திரிச்சு போக முடியாது, அதனால வேலை நேரத்துல என் விசுவாசத்த நானா எடுக்கிறதில்ல, அது நானே எனக்கு வச்ச கட்டுப்பாடு. கேட்டா ரெண்டு வரி, மறுபடி கேட்டா நாலு வரி.

வேற ஒரு விஷயமும் சொல்லணும், கோவமா தெரிஞ்சா மன்னிக்கணும். சுகமான சாட்சி சொல்றவங்க மாத்திரையையும் சேத்து சொல்லுங்க. "சுகர் மாத்திரைய தூக்கி எறிஞ்சேன், கர்த்தர் சுகமாக்கினாரு"ன்னு ஒருத்தர் சாட்சி சொல்ல கேட்டு வீட்டுக்கு போய் இன்சுலின நிறுத்தின அம்மா ஒருத்தங்கள எங்க வார்டுல கொண்டு வந்தாங்க, மூச்சு வாங்கிட்டு, சுயநினைவு பாதி போய். பிழைச்சாங்க. டிபி மாத்திரைய ரெண்டு மாசத்துல சாட்சி சொல்லிட்டு நிறுத்தினவங்களையும் பாத்திருக்கேன், ஆறு மாசம் முழுசா சாப்பிடணும் அது, நடுவுல விட்டா மருந்துக்கு அடங்காத கிருமியா திரும்பி வரும். அந்த சாட்சி சொன்னவரு நல்ல மனுஷன்தான். ஆனா அவரு மைக்க வச்சிட்டு போன பிறகு என்ன நடக்குதுன்னு அவருக்கு தெரியாது.

அக்கினிமதில்:

சகோதரி, நான் இத ஒத்துக்க முடியல. நீங்க எல்லாருமா சேந்து சாட்சிய சின்னதாக்குறீங்க. எங்க சபை பெந்தெகொஸ்தே. என் மனைவிக்கு கர்ப்பப்பைல கட்டி, ஆபரேஷன் தேதி குறிச்சாச்சு, சபை உபவாசம் இருந்துச்சு, மறு ஸ்கேன்ல கட்டி இல்ல. ரெண்டு ஸ்கேன் ரிப்போர்ட்டும் என் பீரோல இருக்கு. நான் இத மெதுவா சொல்லணுமா? ஆட்டுக்குட்டியின் இரத்தத்தினாலும் தங்கள் சாட்சியின் வசனத்தினாலும் ஜெயிச்சாங்கன்னு வெளிப்படுத்தின விசேஷம் சொல்லுது. பயந்து பயந்து சொன்னா அது சாட்சியா?

இரவுப்பணி:

அண்ணா நீங்க மெதுவா சொல்ல வேண்டாம், சந்தோஷமா சத்தமாவே சொல்லுங்க, நானும் அல்லேலூயா சொல்வேன். நான் கேக்குறது ஒண்ணுதான். நீங்க மறு ஸ்கேன் எடுத்தீங்கல்ல, அதையும் சொல்லுங்க. "ஜெபிச்சோம், அப்புறம் டாக்டர்கிட்ட போய் பாத்தோம், அவரே ஆபரேஷன் வேண்டாம்னாரு"ன்னு சொன்னா கேக்குறவங்களும் டாக்டர்கிட்ட போவாங்க. குஷ்டரோகிய சுகமாக்கிட்டு ஆண்டவரே உன்னை ஆசாரியனுக்கு காண்பின்னுதான அனுப்பினாரு.

அக்கினிமதில்:

ஆசாரியன் விஷயம் நியாயம். ஸ்கேன் எடுத்தத இனி சொல்றேன். மத்தபடி என் சத்தம் குறையாது சகோதரி, கர்த்தருக்கு மகிமை.

மல்லிப்பூ:

ஒரு சந்தேகம், ஆபீஸ்ல இதெல்லாம் பேசினா சட்டப்படி பிரச்சின வராதா?

சுவடிப்பெட்டி:

அரசியல் சட்டம் 25வது பிரிவு மதத்த கடைப்பிடிக்க மட்டுமில்ல, பரப்பவும் உரிமை தருது. 1977ல உச்ச நீதிமன்றம் இதுக்கு விளக்கம் சொல்லுச்சு, உன் மதத்த எடுத்து சொல்ல உரிமை உண்டு, அடுத்தவர மாத்துறதுக்கு உரிமை கிடையாதுன்னு. நம்ம ஊர்ல 2002ல கட்டாய மதமாற்ற தடைச் சட்டம் வந்துச்சு, 2004ல வாபஸ் ஆச்சு. சில மாநிலங்கள்ல இப்பவும் இருக்கு. எப்படியும் கேட்ட தோழிக்கு சாப்பாட்டு நேரத்துல சொந்த கதைய சொல்றதுக்கு எந்த சட்டமும் குறுக்க வராது. உங்களுக்கு கீழ வேல பாக்குற ஆள்கிட்ட பேசும்போதுதான் கவனம் வேணும், அவங்களால வேண்டாம்னு சொல்ல முடியாது.

தேரிக்காட்டுப்பிள்ளை சிஸ்டர், தேதி தெரியாதுன்னு வருத்தப்பட்டீங்களே, அதுக்கு பண்டித ரமாபாய் பத்தி சொல்லணும். பஞ்சத்துல அப்பா அம்மாவ பட்டினிக்கு பறிகுடுத்த சமஸ்கிருத பண்டிதை. இங்கிலாந்துல சிஸ்டர்கள் நடத்தின இல்லத்துல, ஊர் தள்ளி வச்ச பெண்கள அவங்க பராமரிக்கிறத பாத்தாங்க. ஏன் இப்படி செய்றீங்கன்னு இவங்கதான் கேட்டாங்க. ஒரு சிஸ்டர் யோவான் நாலாம் அதிகாரத்த வாசிச்சு காட்டினாங்க, கிணத்தடில சமாரியப் பெண். 1883ல ஞானஸ்நானம். ஆனா 1907ல சாட்சி எழுதும்போது என்ன எழுதுறாங்கன்னா, ஞானஸ்நானம் எடுத்தப்போ எனக்கு கிறிஸ்தவ மதம் கிடைச்சுது, கிறிஸ்து இன்னும் கிடைக்கல, அதுக்கு பிறகும் பல வருஷம் ஆச்சுங்கிற அர்த்தத்துல எழுதுறாங்க. பேர் பெற்ற ஒரு அம்மா இப்படி எழுத எவ்வளவு நேர்மை வேணும். எனக்கு கிறிஸ்தவ சாட்சிகள்ல ரொம்ப பிடிச்சது இந்த ஒரு இடம்தான்.

அந்த சமாரியப் பெண் ஊருக்குள்ள ஓடிப் போய் சொன்னதும் பாருங்க, கடைசில ஒரு கேள்விதான், "அவர் கிறிஸ்துதானோ?" முடிவ ஊர்க்காரங்ககிட்ட விட்டுட்டா. குடத்த கிணத்தடிலயே விட்டுட்டு வந்துட்டா.

சைக்கிள்_உபதேசியார்:

பிள்ளை, எழுதி வச்சு மனப்பாடம் பண்ணாத. ஒரே ஒரு இடத்த எடுத்துக்கோ, ஒரு நாள், ஒரு காரியம். அங்க என்ன பாத்த, என்ன கேட்ட, அத சொல்லு. "ஆண்டவர் என்னை அற்புதமாய் நடத்தினார்"னு நம்ம கோயில் பாஷைல சொன்னா அந்த பிள்ளைக்கு ஒண்ணும் விளங்காது. இரட்சிப்பு, அபிஷேகம், பாரம், இந்த வார்த்தையெல்லாம் வீட்டுலயே வச்சிட்டு போ. முடிச்ச உடனே அவ பேசட்டும், நீ கேளு. என் சைக்கிள் காலத்துல நான் கத்துக்கிட்டதே பாதிக்கு மேல திண்ணைல உக்காந்து கேட்டதுலதான்.

தேரிக்காட்டுப்பிள்ளை:

பதினஞ்சு நாளாச்சு. நேத்து அவகிட்ட பேசினேன்.

கேன்டீன்ல கூட்டம், அதனால மாடில தண்ணி டேங்க் நிழல்ல உக்காந்தோம். முதல்ல மன்னிப்பு கேட்டேன், அன்னைக்கு நீ கேட்டப்போ பேச்ச மாத்திட்டேன், நீ பாத்தது அமைதி இல்லடி, எனக்கு ஒண்ணுமே உறைக்கல, ஆண்டவர்கிட்ட பேசக் கூட பிடிக்கலன்னு சொன்னேன். ஆஸ்பத்திரில கடைசி ராத்திரி நான் ஜெபமே பண்ணல. பரமண்டல ஜெபம் மட்டும் பழக்கத்துல வாய்ல வந்துச்சு, "உம்முடைய சித்தம்"னு வந்ததும் நின்னுருச்சு. அதுக்கு மேல "செய்யப்படுவதாக"ன்னு சொல்ல மாட்டேன்னு நின்னேன். ஏன்னா அதை சொன்னா அப்பா போறதுக்கு நான் கையெழுத்து போட்ட மாதிரி ஆயிரும்னு தோணுச்சு. இதை நான் என் வீட்டுக்காரர்கிட்ட கூட சொன்னதில்ல.

அப்புறம் அம்மா கதைய சொன்னேன். எங்க ஊர்ல கைப்பிடி அரிசின்னு ஒரு வழக்கம், தினம் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசிய எடுத்து தனியா டப்பால போட்டு, சேந்ததும் கோயிலுக்கு குடுப்பாங்க, அது ஊழியத்துக்கும் இல்லாதவங்களுக்கும் போகும். அப்பாவ அடக்கம் பண்ணின மூணாம் நாள் வரைக்கும் சொந்தக்காரங்க வீட்டு சாப்பாடு. நாலாம் நாள் அம்மா முதல் தடவ அடுப்பு பத்த வச்சாங்க. படில அரிசி அளந்தாங்க, அப்பாவுக்கு உள்ளத குறைச்சு அளந்தாங்க, கை நின்னுச்சு, அப்புறம் அந்த குறைச்ச அரிசிலேருந்து ஒரு பிடி எடுத்து பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டாங்க. நான் கோவத்துல "இன்னைக்குமாம்மா?"ன்னு கேட்டேன். அம்மா என்னைய திரும்பி கூட பாக்கல, "ஏட்டி, ஆண்டவரு மேல எனக்கும் கோவந்தான். அதுக்காக பசிச்சவன் என்ன செய்வான்"னு சொல்லிட்டு அரிசிய களைய போயிட்டாங்க. அம்மா அதுக்கப்புறம் ரெண்டு மாசம் கோயில்ல பாட்டு பாடல, புஸ்தகத்த திறந்து வச்சிட்டு வாய மூடிட்டு நிப்பாங்க. ஆனா அரிசி நிக்கல. பத்தாம் நாள் சென்னைக்கு ராத்திரி பஸ்ல வரும்போது கோவில்பட்டி தாண்டி எங்கயோ, நான் நிறுத்தின இடத்துலேருந்து அந்த ஜெபத்த சொல்லி முடிச்சேன். ரொம்ப அழுதேன். அப்ப யாரோ என் கோவத்த கேட்டுட்டு எந்திரிச்சு போகாம பக்கத்துலயே உக்காந்திருந்த மாதிரி இருந்துச்சு. அதுதான்டி எனக்கு நடந்தது, இதுக்கு மேல எனக்கு சொல்லத் தெரியலன்னேன்.

அவ ரொம்ப நேரம் பேசல. அப்புறம் அவங்க அம்மாவ பத்தி சொன்னா, எட்டு வருஷத்துல சொல்லாதது. அதை இங்க எழுத மாட்டேன், அது அவளோடது. லஞ்ச் டைம் முடிஞ்சு அரை மணி நேரம் ஆயிருச்சு.

கீழ இறங்கும்போது "உங்கம்மா இப்பவும் அரிசி எடுத்து வைக்கிறாங்களா?"ன்னு கேட்டா. தெரியலயேன்னு அங்கயே படிக்கட்டுல நின்னு அம்மாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல விட்டேன். "எடுக்கத்தான் செய்றேன், இப்ப என்ன அதுக்கு"ன்னு சொல்லிட்டு, "யாரு அது பக்கத்துல, சாப்ட்டாளா?"ன்னாங்க.

சைக்கிள்_உபதேசியார்:

பெண்கள் கூட்டம் என்னிக்கு பிள்ளை?

தேரிக்காட்டுப்பிள்ளை:

வர்ற ஞாயித்துக்கிழம ஐயா. இதையேதான் சொல்லப் போறேன், அம்மாகிட்ட கேட்டுட்டேன். பாட்டு பாடாத ரெண்டு மாசத்தையும் சொல்லுன்னு சொன்னாங்க.